பச்சைக் களிம்பு

அக்டோபர் 20, ஞாயிறு

கார் மேலிருந்த தார்ப்பாயை இன்று எடுத்தேன். மே மாதக் கடைசியில் போட்டு மூடியது. கூரைமேல் பூனை படுத்துப் படுத்து ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. வைப்பர் இடுக்கு முழுக்க அணில் கொண்டுவந்து சேர்த்த வாதாங்கொட்டை. கண்ணாடியில் உப்புப் படலம். தூத்துக்குடியில் எதை வெளியே வைத்தாலும் காற்று தின்றுவிடும், இருபத்திரண்டு வயதுக் கார் எம்மாத்திரம்.

மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் தினமும் லாக் புத்தகம் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு பேனாவைத் தொடவில்லை. இன்று தொடுகிறேன், ஏனென்றால் இந்த வேலைக்குக் கெடு இருக்கிறது. நவம்பர் 28, வியாழன் காலை என் வீட்டுக்காரி செண்பகம் மதுரையில் வந்து இறங்குகிறாள். மகள் லோசனிக்குப் பிரசவம் பார்க்கக் கனடா போய் ஆறு மாதம் முடிகிறது. அவளை இந்த வண்டியில்தான் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன். டாக்சி கீக்சி எல்லாம் கிடையாது.

"இனி இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கோபத்தில் சொன்னது. ஏறுவாள்.

பேட்டரி 3.1 வோல்ட். செத்துவிட்டது.

அக்டோபர் 21, திங்கள்

புது பேட்டரி போட்டேன். 12.6. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஐந்து மாதம் கிடந்த வண்டி! கையைத் தட்டலாம் போல இருந்தது.

சந்தோஷம் அத்தோடு சரி. இடது பக்க இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடிக்கிறது. பிரேக்கை மிதித்தால் வைப்பர் பாதி எழுந்து படுக்கிறது. ஹெட்லைட் போட்டால் ஹெட்லைட் எரியவில்லை, மீட்டர் விளக்கு அணைகிறது. இது வண்டியா, கரகாட்டமா?

அக்டோபர் 23, புதன்

ரசம் வைத்தேன். சுமார்.

அக்டோபர் 25, வெள்ளி

பதினோராயிரம் வோல்ட் லைனோடு குப்பை கொட்டியவன் நான். புயலடித்த மறுநாள் ஊரே இருட்டில் கிடக்கும்போது எந்தப் போஸ்டில் எந்தக் கம்பி போயிருக்கிறது என்று ஜீப்பில் உட்கார்ந்தபடி சொல்லியிருக்கிறேன். இந்தப் பன்னிரண்டு வோல்ட் என்னை ஏய்க்கிறது.

டெஸ்ட் லாம்பை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குக் குனிந்தவன் மூன்று மணிக்குத்தான் நிமிர்ந்தேன். ஹெட்லைட் வரை கரண்ட் வருகிறது. பல்ப் நல்ல பல்ப். ஆனால் எரியவில்லை. கரண்ட் வந்தால் எரியவேண்டியதுதானே, என்ன எளவு இது?

அடுப்பில் வைத்த சோறு குழைந்து கூழாகிவிட்டது. மோர் ஊற்றிக் குடித்தேன்.

அக்டோபர் 26, சனி

காலையில் பேட்டரி 11.2. யாரும் தொடவில்லை, சாவி என் சட்டைப் பையில். எங்கோ கரண்ட் கசிகிறது.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

காலை ஏழு மணிக்கு லோசனி வீடியோவில் வந்தாள். அங்கே முந்தின நாள் சாயங்காலம். பேத்தியைக் காட்டினாள். மூக்கு எங்கள் குடும்பத்து மூக்கு, சந்தேகமே இல்லை. பிறகு போனைச் செண்பகத்திடம் கொடுத்தாள்.

"எண்ணெய் தேச்சுக் குளிச்சீயளா?"

"குளிச்சேன்." குளிக்கவில்லை.

"பலகாரம்?"

"எதிர்வீட்ல குடுத்துவிட்டாவ. வண்டிய எடுத்திட்டேன் தெரியுமா? புது பேட்டரி. ஒன்னக் கூப்பிட அதுலதான் வாரேன்."

 "பிள்ள அழுவுது, வைக்கேன்" என்றாள்.

எனக்குப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கவில்லை. அந்த ஊரில் சத்தம் கேட்காத மாதிரி வீடு கட்டுவார்கள் போலிருக்கிறது.

நவம்பர் 2, சனி

மூன்றாவது மைல் பகுதியில் கடை வைத்திருக்கிற ஞானதிரவியத்தைக் கூட்டிவந்தேன். ஆட்டோ எலக்ட்ரீசியன். நாற்பது வயது இருக்கும். கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை. வந்தவன் என் டெஸ்ட் லாம்பைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணாச்சி, கரண்டு வருதா வருதான்னே பாத்துகிட்டு இருக்கீய. வந்தது திரும்பிப் போவ வேண்டாமா? வீட்டுக்குத் தரையில எர்த்து பதிப்பீய. இதுக்கு பாடிதான் எர்த்து. இங்ஙன பாருங்க, போல்ட்டு துருவேறி உப்பிக் கெடக்கு. போவ வழியில்லாம அது கண்ட வயர் வழியாச் சுத்திக்கிட்டுப் போவுது. அதான் நீங்க கை காட்டுனா ஹாரன் அடிக்கு."

எர்த் குழி வெட்டியே முடி நரைத்தவனுக்கு எர்த் பாடம். கேட்டுக்கொண்டேன். வேறு வழி?

அடுத்து கசிவு. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தான். எல்லாம் அணைத்திருக்கும்போதே 0.9 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஃபியூஸாகப் பிடுங்கச் சொன்னான். ஃபியூஸ் பெட்டி இடது பக்க டேஷ்போர்டுக்கு அடியில். நான் கீழே தலையை விட்டுப் பிடுங்க, அவன் முன்னால் நின்று மீட்டரைப் பார்த்துக் கத்தினான்: "இல்ல... இல்ல... இல்ல... ஆங், எறங்கிட்டு!"

பெட்டியைக் கழற்றித் திருப்பினோம். ஐயையோ. உண்டியலில் வருஷக்கணக்காகக் கிடந்த செப்புக்காசு மாதிரி பச்சைப் பசேலென்று களிம்பு. ஃபியூஸ் சொருகும் ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவே பாலம் கட்டியிருக்கிறது. அதன் வழியாகத்தான் ராவும் பகலும் கரண்ட் கசிந்திருக்கிறது.

ஒரு மூலை உருகி வழிந்திருந்தது, ஏசி ஃபேனுக்கான இடம். ஃபியூஸ் இருக்க வேண்டிய ஓட்டையில் செம்புக் கம்பி. திரவியம் அதைக் குறடால் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினான்.

"இது எந்தப் புண்ணியவான் வேல?"

"யாருக்குத் தெரியும். முன்னாடி எவனாவது மெக்கானிக் வச்சிருப்பான்."

அவன் அந்தக் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்ல முறுக்கு. மூணு இழை. மெக்கானிக்கு இப்படி முறுக்க மாட்டான் அண்ணாச்சி. போஸ்ட்டுல ஏறுறவன் கை மாதிரில்லா இருக்கு." கம்பியை என் உள்ளங்கையில் வைத்தான். 

"தண்ணி எப்படி உள்ள வந்திச்சு?" என்று கேட்டான்.

"எங்க வீட்டுக்காரி காலடியில தண்ணி பாட்டில் வைப்பா. மூடிய ஒழுங்கா மூட மாட்டா."

"பாட்டில் கீழ, பெட்டி மேல. தண்ணி மரம் ஏறுமா அண்ணாச்சி?"

காயலாங்கடையில் இதே மாடல் பெட்டி கிடைத்தால் கொண்டுவருகிறேன் என்று போனான். வாய் ரொம்ப நீளம்.

நவம்பர் 4, திங்கள்

இன்று முழுக்க வயர் முனைகளைச் சுத்தம் செய்தேன். சோடா உப்பைக் கரைத்துத் தொட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு இழுத்து, துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக. முப்பத்தெட்டு முனை. குளியலறையில் இரண்டு பிரஷ் இருந்தன. பச்சையை எடுத்து வந்தேன். பாதி வேலையில்தான் அது செண்பகத்தினுடையது என்று ஞாபகம் வந்தது. புதிதாக ஒன்று வாங்கி வைக்கவேண்டும்.

கீழே குனிந்தால் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. அதனால் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து பெட்டியின் வயரை மடியில் போட்டுக்கொண்டு செய்தேன். இந்த வண்டி வாங்கி இருபத்திரண்டு வருஷத்தில் நான் அந்த சீட்டில் உட்காருவது இதுதான் முதல் தடவை. நம்பமுடியவில்லை, ஆனால் உண்மை. நான் எதற்கு அங்கே உட்காரப்போகிறேன்?

சீட் பின்னால் சாயவில்லை. லிவர் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. எத்தனை வருஷமாக என்று தெரியவில்லை. திருச்செந்தூர், கோவில்பட்டி, குற்றாலம் எல்லாம் அவள் இப்படி விறைப்பாக உட்கார்ந்துதான் வந்திருக்கிறாள். கண்ணாடி இறக்கும் கைப்பிடியும் பாதிக்குமேல் சுற்றவில்லை. கதவுப் பையில் நாலாக மடித்த ஒரு துண்டு, ஒரு தைலக் குப்பி, மூன்று ஊக்கு. துண்டு முறுக்கேறிக் காய்ந்துகிடந்தது. வண்டியில் ஏறியதும் அதை எடுத்து மடியில் போட்டுக்கொள்வாள். வியர்வைக்கு என்று நினைத்திருந்தேன். "ஹோட்டல்காரன் மாதிரி துண்டு எதுக்கு?" என்று கேலிகூடச் செய்திருக்கிறேன்.

லிவருக்கு எண்ணெய் விட்டேன். நாளைக்கு அசையும்.

நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். தெருவே திருச்செந்தூர் போய்விட்டது. செண்பகம் அங்கேயும் ஆறு நாள் விரதம் இருக்கிறாளாம், லோசனி சொன்னாள். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன விரதம் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. மத்தியானம் எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது. பேசுவதற்கு ஆள் இல்லாமல் திரவியத்துக்குப் போன் போட்டு, பெட்டி கிடைத்ததா என்று கேட்டேன். காலையில்தான் கேட்டிருந்தேன். "அண்ணாச்சி, ஒரு நாளைக்கு ஒரு தடவ கேளுங்க, போதும்" என்றான்.

நவம்பர் 9, சனி

பெட்டி வந்தது. மாட்டினோம். பாடியில் எர்த் போல்ட்டைச் சுரண்டி வெள்ளி மாதிரி ஆக்கினேன். ஹெட்லைட் எரிகிறது! இரண்டும்! பகல் பன்னிரண்டு மணிக்குப் போட்டுவிட்டு முன்னால் போய் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

லோசனி மட்டும் பேசினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அப்பா, அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமாப்பா? விசா நீட்டிக்கலாம். இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிப் போடணும்."

"டிக்கெட் போட்டாச்சு."

"தேதி மாத்திக்கலாம்பா."

"ஒனக்கு ஆள் வேணும்னா வேலைக்கு ஆள் வையி. அம்மாகிட்ட கேட்டியா?"

 "அம்மாதான்பா கேக்கச் சொன்னா."

பிள்ளை இப்படித்தான் பேசும். தன் வசதிக்கு அம்மா பேரைச் சொல்லும். முடியாது, இருபத்தெட்டாம் தேதி நான் மதுரையில் நிற்பேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் எல்லாம் இல்லை. ஒரு மனுஷன் எத்தனை நாள் தன் கையால் ரசம் வைத்துக் குடிப்பான்?

நவம்பர் 12, செவ்வாய்

நல்ல மழை. விடியற்காலையிலேயே பிடித்துக்கொண்டது. மோட்டார் அறையில் தண்ணீர், மாடிக் குழாய் அடைப்பு, காயப்போட்ட இரண்டு வேட்டியும் நனைந்தது.

பத்து மணிக்குக் குடையோடு போய் வண்டியில் உட்கார்ந்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கையும் களவுமாகப் பிடிக்க வேறு வழியில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவேண்டும் என்பதால் இடது சீட்.

முதல் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு என் இடது முழங்காலில் ஒரு சொட்டு. அண்ணாந்து பார்த்தேன். முன் கண்ணாடியின் இடது மூலையில் ரப்பர் வெடித்திருக்கிறது. அதன் வழியாக வருகிற தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, ஃபியூஸ் பெட்டிமேல் விழுந்து, அங்கிருந்து முழங்காலுக்கு. மழை வலுத்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு விநாடிக்கு ஒரு சொட்டு. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வேட்டி தொடைவரை நனைந்து குளிர் எடுத்தது.

கதவுப் பையிலிருந்து துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அதற்குத்தான் துண்டு.

"கால் நனையுதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. ஒவ்வொரு ஐப்பசியிலும் சொல்லியிருக்கிறாள். "காலத் தூக்கி வச்சுக்க" என்பேன். அவ்வளவுதான் நான் சொன்னது. பிறகு ஏதோ ஒரு வருஷம் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் ஒழுகல் நின்றுவிட்டது என்று நினைத்தேன். பொய் எழுதுவானேன், நான் அதைப் பற்றி எதுவுமே நினைக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

மழை விட்டதும் மூலை ரப்பரைப் பிய்த்து எடுத்துவிட்டுப் பசை வைத்து அடைத்தேன். அரை மணி நேர வேலை. இருபத்திரண்டு வருஷத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

மே 28-ஐ எழுதிவிடுகிறேன். லாக் புத்தகத்தில் விபத்தை எழுதாமல் விட்டால் மெமோ கிடைக்கும்.

விமானம் சாயங்காலம். காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். அவள் கார் வேண்டாம், வாடகை வண்டி சொல்லிவிடலாம் என்றாள். சொந்த வண்டி இருக்க வாடகை வண்டியா என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எட்டயபுரம் தாண்டி, பந்தல்குடிக்கு முன்னால், டேஷ்போர்டிலிருந்து புகை வந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம். ஓரம் கட்டினேன். அவள் குதித்து இறங்கினாள். எதிரில் ஒரு டீக்கடை, ஆள் நடமாட்டம் இருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவளை ஏசினேன். "ஒந்தண்ணி பாட்டிலாலதான் எல்லாம், ஒனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்று ஆரம்பித்து, வாயில் வந்ததெல்லாம். அவள் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மதுரைப் பக்கம் காலியாகப் போன ஒரு டாக்சியை டீக்கடைக்காரர்கள் நிறுத்திக் கொடுத்தார்கள். அவள் இரண்டு பெட்டியோடு ஏறினாள். முதல் தடவை விமானம் ஏறப்போகிறவள், இங்கிலீஷ் தெரியாதவள். நான் கூடப் போகவில்லை. நடுரோட்டில் வண்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நினைத்தேன். கட்டி இழுக்கும் வண்டி வருகிறவரை காருக்குக் காவல் நின்றேன்.

டாக்சியில் ஏறும்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று.

நவம்பர் 15, வெள்ளி

பேட்டரி 12.6. மூன்று நாளாக இறங்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

எல்லாம் சரியாகிவிட்டது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், எல்லாம் தன் தன் வேலையை மட்டும் பார்க்கின்றன. சீட் சாய்கிறது. கைப்பிடி சுற்றுகிறது. தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். சந்தோஷமாக இருக்கவேண்டிய நாள். இல்லை.

இரண்டாம் தேதி எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. கம்பி வைத்தது மெக்கானிக் இல்லை, நான். மே மாத வெயில், ஏசி ஃபேன் ஃபியூஸ் வாரத்துக்கு மூன்று தடவை போய்க்கொண்டிருந்தது. ஏன் போகிறது என்று பார்க்காமல், போகவே போகாத மாதிரி மூன்று இழைக் கம்பியை முறுக்கிச் சொருகினேன். இதே வேலையை வீட்டு மெயினில் செய்தவர்கள் எத்தனை பேரை நான் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன்! "வீட்டக் கொளுத்தவா பாக்கீய?" என்று கேட்பேன்.

நவம்பர் 20, புதன்

மூன்றாவது மைல் போனேன். திரவியம் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால்தான் தெரிந்தது. அந்தக் காலைப் பார்த்துச் சொன்னேன்.

"திரவியம், அந்தக் கம்பி நான் வச்சதுதான்."

"தெரியும் அண்ணாச்சி." வெளியே வரவில்லை. "அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய?"

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 22, வெள்ளி

போனை எடுத்தேன். வைத்தேன். முருங்கைக்காய் சாம்பார்.

நவம்பர் 24, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு நானே கூப்பிட்டேன். லோசனி பதறிவிட்டாள், அப்பா தானாகக் கூப்பிட்டால் ஏதோ ஆபத்து என்று. அம்மாவிடம் கொடு என்றேன்.

"செண்பகம், பாட்டில் இல்ல. கண்ணாடி ரப்பர்தான் வெடிச்சிருக்கு. ஒம்பக்கந்தான் ஒழுகியிருக்கு."

"தெரியும்."

"ஃபியூஸுக்குப் பதிலாக் கம்பி வச்சது நான்."

"அதுவும் தெரியும். நீங்க முறுக்கும்போது டார்ச்சு புடிச்சது நாந்தான."

ஆமாம். அவள்தான் பிடித்தாள். நான் மறந்தே போயிருந்தேன். எல்லாம் தெரிந்துகொண்டா அந்த டீக்கடை முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்?  பேசித்தான் ஆகவேண்டும் என்று பேசினேன்.

"ஒன்னத் தனியா அனுப்பிட்டு நான் வண்டிகிட்ட நின்னது தப்பு."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"டிக்கெட்ட மாத்தச் சொல்லு லோசனிகிட்ட. ஒனக்கு இருக்கணும்னா இரு. எப்பம் வரணும்னு தோணுதோ அப்பம் வா."

"நெசமாவா சொல்லுதீய?"

"நெசமாத்தான்."

"சரி" என்றாள். பிறகு, "மழை நேரம். ஈரக் கையோட மோட்டார் சுவிட்சத் தொடாதீங்க" என்றாள். என்னிடம்! லைன் இன்ஸ்பெக்டரிடம்! சரி என்றேன்.

நேராகவே எழுதுகிறேன். "இல்ல, வாரேன்" என்று சொல்லுவாள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவள் சொல்லவில்லை. வீடு இன்றைக்கு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. அழுதேன். யாரும் பார்க்கவில்லை, அதனால் எழுதலாம்.

நவம்பர் 26, செவ்வாய்

தேதி மாற்றியாகிவிட்டது என்று லோசனி செய்தி அனுப்பியிருந்தாள். விசாவுக்கும் எழுதிப் போட்டுவிட்டார்களாம்.

நவம்பர் 28, வியாழன்

காலையில் எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தத் தேதிக்கென்று நாற்பது நாள் வேலை செய்த வண்டி. சும்மா நிறுத்திவைக்க மனம் வரவில்லை. நீளமான ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

எட்டயபுரம் தாண்டி அந்த டீக்கடை வந்தது. நிறுத்தினேன். நிறுத்த வேண்டுமென்றுதான் போயிருக்கிறேன், அங்கே போன பிறகு தெரிந்தது. கூட்டம் இல்லை. ஐம்பது வயது இருக்கும் கடைக்கார அம்மா பாய்லருக்குப் பின்னால் நின்று கண்ணாடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புகை வந்த காருதான இது?"

"ஆமா. அன்னைக்கு ஒங்க கடை முன்னாடி வச்சு எம்பொஞ்சாதிய ஏசினேன். அவ மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் நான் பண்ணுன வேல. அத இங்ஙன வந்து சொல்லணும்னு தோணிச்சு, அதான் வந்தேன்."

அந்த அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அவிய காலு ஆறிட்டா?"

"எந்தக் காலு?"

"நல்லாக் கேட்டீய போங்க. பிளாஸ்டிக்கு உருகி எடது காலு மேல ஒழுகியிருந்திச்சுல்லா. வெரல்லேர்ந்து கணுக்காலு வரைக்கும் தோலு வழண்டு போச்சு. நாந்தான் பானைத் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துனேன். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாவளே தவிர ஒரு சத்தம் போடல. செருப்பு போட முடியாம கையில எடுத்துக்கிட்டுல்லா அந்த டாக்சில ஏறுனாவ."

"நான் அப்பம் எங்க இருந்தேன்?"

"நீங்க பேனட்டத் தொறந்து விசிறிக்கிட்டு நின்னீய."

டீ போட்டுக் கொடுத்தார். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு இடத்திலும் மக்கர் பண்ணவில்லை.

சாயங்காலம் ஆறரைக்குப் போன் போட்டேன். அங்கே காலை. செண்பகமே எடுத்தாள்.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

 பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா?"

"டீக்கடைக்காரம்மா."

"தழும்பு இருக்கு. நடக்க முடியுது."

"எனக்குத் தெரியாது செண்பகம். சத்தியமாத் தெரியாது. இன்னைக்குத்தான் தெரியும்."

"பக்கத்துலதான இருந்தீய" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.   நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.